வானம் பெரிது, வழி சிறிது



ஆரோவில்லின் செம்மண் மேட்டிலிருந்து கடற்கரைச் சாலை வழியாக வடக்கே சென்றால், ஒரு மணி நேரத்துக்குள் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணுக்குத் தெரியும். சித்திரை, வைகாசி மாதங்களில் நண்பகல் வேளையில் அங்கே நின்று சற்று அண்ணாந்து பாருங்கள். கீழே பாத்திகளில் வெள்ளை வெளேரென உப்பு விளைந்திருக்கும். மேலே, நிலப்பக்கமாக, பஞ்சுப் பொதிகளைப் போல் வெண்மேகங்கள் சில மிதக்கும். அவற்றுள் ஒன்றின் அடியில் கருடன் ஒன்று சிறகை அசைக்காமலே வட்டமிட்டு வட்டமிட்டு உயரே சென்றுகொண்டிருக்கும். சிறிது நேரத்தில், அதற்கும் மேலே எங்கோ ஒரு விமானத்தின் ஓசை கேட்கும்.

உப்பளத் தொழிலாளர்கள் மேகத்தைப் பார்ப்பது மழை வருமோ என்ற கவலையால். விளைந்த உப்பு கரைந்துவிட்டால் உழைப்பும் கரைந்துவிடுமல்லவா? ஆனால் நான் அந்த மேகத்தைப் பார்க்கும்போது என் நினைவுக்கு வருவது ஒரு மாணவனின் கேள்வி.

1996-ஆம் ஆண்டு, ஐப்பசி மாதம், தீபாவளி கழிந்த மூன்றாம் நாள். முந்திய நாள் மாலையில் டெல்லிக்கு மேற்கே இரண்டு பெரிய விமானங்கள் நடுவானில் மோதி நொறுங்கிவிட்டன என்ற செய்தி பத்திரிகைகளில் பெரிய எழுத்துக்களில் வந்திருந்தது. வகுப்புக்குள் நான் நுழைந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "சார், வானம் இவ்வளவு பெரிசா இருக்கே, ரெண்டு விமானம் எப்படி சார் மோதிக்கும்?" என்று கேட்டான். நான் சற்றுத் தயங்கிவிட்டு, "எல்லாம் விதி, உட்கார்" என்றேன். அவனும் உட்கார்ந்துவிட்டான்.

ஆசிரியன் ஒருவன் சொல்லத் தகாத விடை அது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தேடிப் பார்த்து மறுநாள் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். பின்னாளில் தேடிப் படித்தேன். அந்தப் பையனுக்கு அன்று சொல்லத் தவறியதை இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் கருடனைக் கவனிப்போம். வெயிலில் தரை சூடேறுகிறது. எல்லா இடமும் ஒரே அளவில் சூடேறுவதில்லை. வெறும் செம்மண் தரை விரைவில் காய்கிறது, நீர் நிற்கும் பாத்தியும் மரம் அடர்ந்த தோப்பும் மெல்லக் காய்கின்றன. சூடேறிய தரையின் மேலுள்ள காற்று விரிந்து இலேசாகி மேலெழும்புகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தக் காற்றுத் தூணுக்குள் கருடன் வட்டமிடுகிறது. காற்று ஏறுகிறது, காற்றோடு பறவையும் ஏறுகிறது. இதை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளில் ஒருவர் நம் நாட்டில் பணியாற்றியவர். ஆக்ராவில் இருந்த ஹாங்கின் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, கழுகுகளும் பருந்துகளும் காலையில் எப்பொழுது மேலெழுகின்றன, வெயிலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் கவனித்துக் குறித்து, 1913-இல் ஒரு நூலாகவே வெளியிட்டார்.

மனிதன் கருடனிடம் கற்ற பாடமே கிளைடர் எனப்படும் சறுக்கு விமானம். அதற்கு எஞ்சின் இல்லை. நீண்டு மெலிந்த சிறகுகள் உண்டு. வேறொரு விமானமோ, தரையிலுள்ள கம்பி சுற்றும் யந்திரமோ அதனை இழுத்து உயரே ஏற்றிவிடும். அதன்பின் அது மெல்லச் சறுக்கி இறங்கிக்கொண்டே முன்னே செல்லும். இக்காலத்து நல்ல கிளைடர் ஒன்று 1 கிலோமீட்டர் உயரம் இறங்குவதற்குள் 40 கிலோமீட்டருக்கு மேலும் முன்னே சென்றுவிடும். மரக்காணத்துக்கு நேர்மேலே 1 கிலோமீட்டர் உயரத்தில் அதை விட்டால், எதிர்காற்று இல்லாதபோது புதுச்சேரியையும் தாண்டிவிடும் என்று கணக்கிடலாம்! நம் நாட்டிலும் இக்கலை புதிதன்று. புனே நகரத்தை அடுத்த ஹடப்சரில் அரசாங்கத்தின் கிளைடர் பயிற்சி மையம் அமைந்தது. சிவில் விமானப் போக்குவரத்துத் துறையினர் 1950-களிலும் 1960-களிலும் இந்நாட்டிலேயே கிளைடர்களை வடிவமைத்து, அசுவினி, ரோகிணி என்று நட்சத்திரங்களின் பெயர்களைச் சூட்டினார்கள்.

கிளைடருக்கு உயரமே செல்வம். உயரம் இருந்தால் தூரம் போகலாம். அந்தச் செல்வம் எங்கே கிடைக்கிறது? மேகத்தின் அடியில் கிடைக்கிறது. மேலெழும் காற்று 100 மீட்டருக்கு ஏறத்தாழ 1 டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போகிறது. ஓர் உயரத்தில் அதிலுள்ள நீராவி நுண்துளிகளாக மாறுகிறது. அதுவே மேகம். ஆகவே வெண்மேகம் என்பது காற்றுத் தூணின் உச்சியில் இயற்கை ஏற்றி வைத்த கொடி. அதோடு நிற்கவில்லை. நீராவி துளியாகும்போது தன்னுள் அடங்கியிருந்த வெப்பத்தை வெளிவிடுகிறது. அந்த வெப்பத்தால் மேகத்துக்குள் காற்று இன்னும் வேகமாக மேலே எழுகிறது. வெளியே மெதுவாக ஏறிய கிளைடர், உள்ளே நுழைந்தால் விரைந்து ஏறும். மேகத்தின் அடியை எட்டிய விமானிக்கு, இன்னும் சற்று உள்ளே போனால் என்ன என்ற ஆசை பிறப்பது இயல்புதானே?

அந்த ஆசைக்கு எதிரே நிற்கும் அபாயம்தான் நம் இன்றைய பொருள். எஞ்சின் உள்ள விமானங்களும் மேகத்துக்குள் பறக்கின்றன. அவை கருவிகளைப் பார்த்து, தரையிலிருந்து வரும் கட்டளைகளைக் கேட்டு, குறித்த வழியில், குறித்த உயரத்தில் நேராகச் செல்கின்றன. கிழக்கு நோக்கிச் செல்வோருக்கு ஒற்றைப்படை ஆயிரங்களும், மேற்கு நோக்கிச் செல்வோருக்கு இரட்டைப்படை ஆயிரங்களும் என்று அடிக்கணக்கில் உயரத்தைப் பகிர்ந்து கொடுப்பது பொதுவான ஏற்பாடு. மாடி வீட்டில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒவ்வொரு தளம் என்பதைப் போல. கிளைடரோ எந்தத் தளத்திலும் தங்குவதில்லை. மாடிப்படியில் ஏறுபவனைப் போல எல்லாத் தளங்களையும் குறுக்கே கடந்துகொண்டே ஏறுகிறது. பிறகு அப்படியே இறங்குகிறது.

"வானம் பெரிதாயிற்றே" என்று நீங்களும் கேட்பீர்கள். பெரிதுதான். ஆனால் பறப்பவர்கள் வானம் முழுவதும் சமமாகச் சிதறிக் கிடப்பதில்லை. நல்ல மேகம் ஒன்று கிடைத்தால் அக்கம்பக்கத்துக் கிளைடர்கள் யாவும் அதன் அடியில் கூடுகின்றன. விமானங்களோ, இரண்டு நகரங்களுக்கிடையே ஒரே கோட்டில் வருகின்றன. எத்தனை பெரிய ஊராயினும் எல்லாரும் ஒரே சந்தைக்கு வந்தால் தோள் இடிக்காமல் இருக்குமா? இதற்கு ஒரு சிறு கணக்கும் உண்டு. ஓரிடத்தில் 10 விமானங்கள் இருந்தால், ஒன்றோடொன்று மோதக்கூடிய ஜோடிகள் 45. அவையே 20 ஆனால் ஜோடிகள் 190. விமானங்கள் இரண்டு மடங்கானால் அபாயம் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கையும் சற்றே தாண்டுகிறது. வேண்டுமானால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

மேகத்துக்கு வெளியே இந்த நெரிசலைக் கண் சமாளிக்கிறது. ஒரு காற்றுத் தூணுக்குள் முதலில் புகுந்த கிளைடர் எந்தத் திசையில் வட்டமிடுகிறதோ, பின்னால் வருபவை யாவும் அதே திசையிலேயே வட்டமிட வேண்டும் என்பது கிளைடர் விமானிகளின் விதி. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே ஏறுவார்கள். மேகத்துக்குள் நுழைந்த கணத்தில் இந்த ஏற்பாடு முழுவதும் பயனற்றுப் போகிறது.

எவ்வளவு பயனற்றுப் போகிறது என்பதையும் அளந்து பார்க்கலாம். எதிரே ஒரு விமானம் வருவதைக் கண்டு, அது இன்னதென்று உணர்ந்து, மோதும் என்று தீர்மானித்து, கைகால்களை இயக்கி, விமானமும் அதற்கு இணங்கித் திரும்புவதற்கு மொத்தம் 12.5 விநாடிகள் தேவை என்று அமெரிக்க விமானத் துறை கணக்கிட்டுள்ளது. மணிக்கு 540 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் விநாடிக்கு 150 மீட்டர் கடக்கும். அப்படியானால் 1,875 மீட்டர் தூரத்திலேயே அதைக் கண்டிருக்க வேண்டும். அடர்ந்த மேகத்துக்குள் 50 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிவதே அரிது. அந்த 50 மீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். கண் இமைக்கும் நேரம் என்கிறோமே, ஏறத்தாழ அதுதான்.

இன்னொரு சூழ்ச்சியும் இதில் உண்டு. அது மேகமில்லாத தெளிந்த வானத்திலும் செயல்படுவது. நம் கரை மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் அறிவார்கள். எதிரே தெரியும் படகு வலப்பக்கமோ இடப்பக்கமோ நகர்ந்துகொண்டிருந்தால் அச்சமில்லை. அது இருந்த இடத்திலேயே நின்று, உருவம் மட்டும் பெருத்துக்கொண்டே வந்தால்தான் ஆபத்து. ஏனெனில் மோதப் போகும் பொருள் நம் பார்வையில் அசைவதில்லை. மனிதனின் கண்ணோ, அசையும் பொருளைத்தான் சட்டென்று கண்டுகொள்கிறது. எது நம்மைக் கொல்ல வருகிறதோ, அதுவே கண்ணுக்கு எளிதில் படாமல் நிற்கிறது!

2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் இது மெய்யாயிற்று. ரீனோ நகரத்தில் இறங்குவதற்காக வந்துகொண்டிருந்த ஒரு சிறிய ஜெட் விமானம், ஏறத்தாழ 16,000 அடி உயரத்தில் வட்டமிட்டுக்கொண்டிருந்த ஒரு கிளைடரோடு மோதியது. கிளைடரின் சிறகு முறிந்தது. அதன் விமானி பாராசூட்டின் உதவியால் உயிர் பிழைத்தார். ஜெட் விமானம் முன்பகுதி சிதைந்த நிலையில் பக்கத்து ஊரில் வயிறு தரையில் உராய இறங்கியது. தெய்வாதீனமாக ஒருவரும் இறக்கவில்லை. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி இருந்தது. தரையிலுள்ள ராடாரும் பிற விமானங்களும் "அங்கே யார்? எந்த உயரத்தில்?" என்று கேட்கும்போது தானாகவே விடை கூறும் கருவி அது. மின்கலத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக விமானி அதை நிறுத்தி வைத்திருந்தார். ஜெட் விமானத்தைப் பொறுத்தவரை அந்தக் கிளைடர் வானத்தில் இல்லாததற்குச் சமம். இரவில் விளக்கேற்றாத கட்டுமரம் கப்பலுக்கு எப்படியோ, அப்படி.

வெட்டவெளியிலேயே இப்படியென்றால் மேகத்துக்குள் என்னவாகும்? இங்கேதான் அந்த மாணவனின் கேள்விக்கு வருகிறோம்.

1996 நவம்பர் 12-ஆம் நாள் மாலை 6.40 மணியளவு. டெல்லியிலிருந்து புறப்பட்ட சவூதி அரேபிய போயிங் 747 விமானம் 312 பேருடன் மேற்கே ஏறிக்கொண்டிருந்தது. அவர்களுள் பலர் பிழைப்பைத் தேடி வளைகுடா நாட்டுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர்கள். கசகஸ்தான் நாட்டிலிருந்து 37 பேருடன் வந்த இல்யூஷின் 76 விமானம் டெல்லியை நோக்கிக் கிழக்கே இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே வழியில் வந்தன. ஏன்? டெல்லியைச் சுற்றியுள்ள வானத்தில் பெரும்பகுதி விமானப் படைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதைதான் இருந்தது. வானம் பெரிது, வழி சிறிது.

ஏறும் விமானத்துக்கு 14,000 அடி, இறங்கும் விமானத்துக்கு 15,000 அடி என்று தரைக் கட்டுப்பாட்டாளர் முறையாகவே வகுத்திருந்தார். எதிரே ஒரு விமானம் வருகிறது என்று கசகஸ்தான் விமானத்தாருக்கு எச்சரிக்கையும் செய்தார். ஆனால் அந்த விமானம் 15,000 அடியில் நிற்கவில்லை. மேகத்தினூடே மேலும் இறங்கிவிட்டது. அதில் தரையோடு பேசும் பொறுப்பு வானொலி இயக்குபவர் ஒருவரிடம் இருந்தது. உயரம் காட்டும் கருவி அவர் முன்னால் இல்லை. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் வந்த கட்டளையை விமானிகள் சரியாக உணரவில்லை. டெல்லியில் அப்போதிருந்த ராடாரோ, விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டுமேயன்றி எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டாது. அந்த வழியாகப் பறந்த ஓர் அமெரிக்க ராணுவ விமானத்தார், மேகம் ஒன்று உள்ளிருந்து செந்நிறமாக ஒளிர்ந்ததைக் கண்டார்கள். ஹரியானாவில் சர்க்கி தாத்ரி என்னும் ஊருக்கருகே வயல்களில் இரண்டு விமானங்களும் விழுந்தன. 349 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நடுவானில் நேர்ந்த மோதல்களில் உலகிலேயே மிகப் பெரிய உயிர்ச்சேதம் இதுவே.

அதில் கிளைடர் எதுவும் இல்லை. ஆயினும் பாடம் ஒன்றே. நீதிபதி லகோதி தலைமையில் விசாரணை நடந்தது. குறித்த உயரத்துக்குக் கீழே கசகஸ்தான் விமானம் அனுமதியின்றி இறங்கியதே காரணம் என்றும், மொழியறிவின் குறை அதற்குப் பின்னால் இருந்தது என்றும் முடிவாயிற்று. அதன் விளைவாக வரும் வழியும் போகும் வழியும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. உயரத்தையும் காட்டும் ராடார் டெல்லியில் இயங்கத் தொடங்கியது. ஒரு விமானம் மற்றொன்றின் டிரான்ஸ்பாண்டரோடு தானே பேசி, ஒருவரை "ஏறு" என்றும் மற்றவரை "இறங்கு" என்றும் எச்சரிக்கும் மோதல் தடுப்புக் கருவி, இந்தியாவுக்கு வந்து போகும் பெரிய விமானங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. உலக விமானிகளின் ஆங்கில அறிவைச் சோதிக்கும் விதி 2008-இல் நடைமுறைக்கு வந்தது.

கிளைடர் உலகமும் வாளாவிருக்கவில்லை. கண்ணால் பார்த்துப் பறப்போர் மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீட்டரும் மேலும் கீழும் 300 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்பது உலக நாடுகள் ஏற்ற பொது அளவு. மேகத்திலிருந்து திடீரென்று வெளிப்படும் விமானத்தைக் கண்டு விலகுவதற்கு வேண்டிய இடைவெளி அது. பிரிட்டன் போன்ற சில நாடுகளில் மட்டும் கிளைடர்கள் மேகத்துக்குள் பறக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அங்கும் விமானி பாராசூட் அணிந்து, தான் நுழையும் இடத்தையும் உயரத்தையும் வானொலியில் அறிவித்துவிட்டே நுழைவார். 2004-இல் சுவிட்சர்லாந்துக் கிளைடர் விமானிகள் பிளார்ம் என்ற சிறு கருவியை உருவாக்கினார்கள். தான் இருக்கும் இடத்தையும் அடுத்த சில விநாடிகளில் செல்லப்போகும் வழியையும் அது இடைவிடாமல் ஒலிபரப்புகிறது. மின்சாரமும் மிகக் குறைவாகவே செலவாகும்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. பிளார்ம் பேசுவதைப் பிளார்ம்தான் கேட்கும். பெரிய விமானத்தின் தடுப்புக் கருவி டிரான்ஸ்பாண்டரின் குரலைத்தான் கேட்கும். பிளார்ம் மட்டும் உள்ள கிளைடரும், அது இல்லாத ஜெட் விமானமும் ஒரே மேகத்துக்குள் நுழைந்தால், இருவர் கையிலும் நல்ல கருவி இருந்தும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. சர்க்கி தாத்ரியில் மனிதர்களுக்கிடையே நேர்ந்த அதே குறை, இங்கே கருவிகளுக்கிடையே நேர்கிறது.

நண்பர்களே, அந்தப் பையன் இன்று நாற்பது வயதைத் தாண்டியிருப்பான். அவன் எங்கிருந்தாலும் இதைக் கேட்பானாக. தம்பி, வானம் பெரிதுதான். ஆனால் எல்லாரும் விரும்பும் வழி சிறியது. அந்த வழியில் கண் தெரியாத இடமும் உண்டு. அங்கே நம்மைக் காப்பது வானத்தின் அகலமன்று. "நான் இங்கே இருக்கிறேன், இவ்வுயரத்தில் வருகிறேன்" என்று பிறருக்குப் புரியும் மொழியில் சொல்வதும், பிறர் சொல்வதைக் கேட்பதும், சொன்ன இடத்தில் நிற்பதுமே நம்மைக் காக்கும். இம்மூன்றில் ஒன்று தவறினாலும் விபத்து நேரும். அதை விதி என்று சொல்லி உன்னை நான் உட்கார வைத்திருக்கக் கூடாது.

உங்களுள் சிலர் நாளை விமானிகளாகலாம். சிலர் ராடார் முன் அமரலாம். இரு கருவிகளும் ஒன்றையொன்று புரிந்துகொள்ளும் வழியைச் சிலர் காணலாம். அடுத்த கோடையில் மரக்காணத்துப் பக்கம் போனால், மேகத்தின் அடியில் வட்டமிடும் கருடனைச் சற்று நின்று பாருங்கள். மேலே விமானத்தின் ஓசையும் கேட்டால், உங்கள் ஆசிரியரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். அவர் விடை சொல்லும்வரை உட்காராதீர்கள்.